ஸ்டோர் ஆபீஸ் கணினியின் தேதி

1. வைகாசியில் அப்பாவுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. ஒரு வாரத்தில் விட்டது. அதற்குப் பிறகு அவருக்கு எந்த வாசனையும் தெரியவில்லை.
2. ஆடி கடைசியில் மலையில் காய் எடுப்பு தொடங்கியது. அப்பா வழக்கம்போல ஏலக்காய் ஸ்டோருக்கு வேலைக்கு ஏறினார். ஸ்டோர் என்றால் கடை இல்லை. பறித்த பச்சைக்காயைத் தட்டுகளில் பரப்பி விறகுச் சூட்டில் காயவைக்கிற கட்டடம்.
3. இரண்டாவது லோடில் மூன்று தட்டுக் காய் கருகியது. அப்பா நாலடி தள்ளித்தான் நின்றிருந்தார். அவருக்குத் தெரியவில்லை.
4. அதை என்னிடம் மட்டும் சொன்னார்.
5. சூட்டையும் புகையையும் கண்காணிக்க ஒரு கருவி அமைத்தேன். என் மடிக்கணினியில் அது ஓடியது.
6. ஸ்டோர் ஆபீஸ் கணினியில் ஓடவில்லை.
7. நான்கு நாள் போராடி ஓடவைத்தேன்.
8. ஐந்தாம் நாள், ஒலிக்க வேண்டிய நேரத்தில் அது ஒலிக்கவில்லை.

எதையும் எண் போட்டு எழுதுவது என் தொழில்வழி வந்த பழக்கம். மதுரையில் இருக்கிற ஒரு நிறுவனத்துக்கு போடியில் எங்கள் வீட்டிலிருந்தே மென்பொருள் சோதித்துக் கொடுக்கிறேன். பிழை எங்கே முளைத்தது என்று பின்னோக்கிப் போய்ப் பார்ப்பதுதான் வேலை. மேலே உள்ள பட்டியலில் அது ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் இருக்கிறது என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது நான்கில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

அந்த ஸ்டோர் குரங்கணிக்கு மேலே, ஜீப்பு ஏறுகிற பாதையின் கடைசியில் இருக்கிறது. அடுப்பு சுவருக்கு வெளியே. அதன் சூடும் புகையும் பருமனான இரும்புக் குழாய்கள் வழியாக அறைக்குள் சுற்றி, கூரைக்கு மேலே போகும். குழாய்களுக்கு மேல் அடுக்கடுக்காகத் தட்டுகள். இந்த அறையைத்தான் டிரையர் என்பார்கள். சூடு வெளியே போகாமலிருக்க கதவும் சன்னலும் சாத்தியே இருக்கும். குழாயில் எங்காவது விரிசல் விட்டால் புகை அறைக்குள்ளேயே நிற்கும். உள்ளே இருக்கிறவர்களுக்கு அதைச் சொல்வது மூக்கு ஒன்றுதான். பக்கத்து எஸ்டேட்டில் ஒருமுறை அப்படி ஒருவரைத் தூக்கிக்கொண்டுதான் வெளியே வந்தார்கள். அந்தக் கதையை எனக்குச் சொன்னவரே அப்பாதான்.

மூன்று தட்டு கருகின வாரம் சனிக்கிழமை வீட்டுக்கு இறங்கி வந்தவர், அம்மா கடைக்குப் போன நேரம் பார்த்து விஷயத்தைச் சொன்னார். டாக்டர் காலப்போக்கில் வரும் என்று சொல்லியிருந்தாராம். எத்தனை காலம் என்று சொல்லவில்லையாம்.

"மூக்கு போன ஆள டிரையர்ல எவன் நிப்பாட்டுவான் ஆத்தா? இந்த எடுப்பு முடியட்டும். நீ வாயத் தொறக்காத" என்றார்.

நான் திறக்கவில்லை. இரண்டு சூட்டு உணரி, ஒரு புகை உணரி, ஒரு சின்ன மின்பலகை வாங்கினேன். உணரிகளின் அளவை வாங்கிப் பதிவு செய்ய இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிற ஒரு பழைய நிரலை எடுத்துக்கொண்டேன். அது யூனிக்ஸ் வகைக் கணினிகளுக்காக எழுதப்பட்டது. என் மடிக்கணினி அந்த வகைதான், அதனால் அரை நாளில் ஓடியது. அதற்கு மேல் நானாகச் சில வரிகள் எழுதிச் சேர்த்தேன். சூடு அறுபத்திரண்டு டிகிரியைத் தாண்டினாலோ, புகை அளவு ஏறினாலோ ஹாரன் அடிக்கும். ஜீப்புக்குப் போடுகிற ஹாரனே போதும் என்று போடி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு எலக்ட்ரிக் கடையில் வாங்கினேன். விடாமல் அலறிக்கொண்டிருந்தால் யாராவது ஒயரைப் பிடுங்கிவிடுவார்கள் என்று, ஒருமுறை ஒலித்தபின் பத்து நிமிடம் சும்மா இருக்கும்படி ஒரு நிபந்தனையும் வைத்தேன். அந்த நிபந்தனையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

என் மடிக்கணினியை மலையில் விட்டுவர முடியாது. அது இல்லாமல் எனக்குச் சம்பளம் இல்லை. அங்கே இருப்பது ஆபீஸில் ஒரே ஒரு விண்டோஸ் கணினி. ஸ்டோரிலிருந்து நூறு படி கீழே; உணரிகளிலிருந்து அதுவரை ஒயர் இழுக்க வேண்டும். மூட்டை எடைபோட்டுச் சீட்டு அடிக்கிற மென்பொருள் அதில் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொள்கிறவரை நான் ஆபீஸ் அண்ணன் என்று கூப்பிடுவேன். சூட்டைப் பதிவு செய்து பார்க்கப்போகிறேன், படிப்புக்கு உதவும் என்று அவரிடம் ஒரு பொய் சொன்னேன். சீட்டு அடிக்கிறது நின்றுபோகக் கூடாது, மற்றபடி என்ன வேண்டுமானாலும் பண்ணிக்கொள் பாப்பா என்றார்.

நிறுவனத்தில் நான்கு நாள் லீவு கேட்டேன். காய் எடுக்கிற பெண்களோடு காலையில் ஜீப்பில் ஏறினால் எட்டு மணிக்கு மலைமேல் இருக்கலாம். மூன்றரைக்கு அதே ஜீப்பில் இறங்கிவிட வேண்டும். ஒவ்வொரு நாளும் என் கையில் இருந்தது ஏழரை மணி நேரம். அதில் கரண்ட் இருக்கிற நேரம் அதைவிடக் குறைவு.

விண்டோஸுக்குள் யூனிக்ஸ் போன்ற ஒரு சூழலை உண்டாக்கித் தரும் மென்பொருள் தொகுப்பு உண்டு. மேலே இணையம் கிடையாது என்பதால் அதை போடியிலேயே இறக்கி பென் டிரைவில் கொண்டுபோனேன். நிறுவியாயிற்று, கறுப்புத் திரை வந்தாயிற்று, இனி நிரலை இந்தக் கணினிக்கு ஏற்றபடி தொகுக்க வேண்டியதுதான் என்று உட்கார்ந்தேன். முதல் கட்டளைக்கே பிழை. 'முருகன்' என்ற பெயரில் எதுவும் இல்லை என்றது.

அந்தக் கணினியை முதன்முதலில் போட்டபோது அது பயனர் பெயர் கேட்டிருக்கிறது. ஆபீஸ் அண்ணன் எந்த நோட்டின் முதல் பக்கத்திலும் எழுதுவதையே அதிலும் அடித்திருக்கிறார்: ஸ்ரீ முருகன் துணை. அந்தப் பெயரிலேயே கோப்புறை. யூனிக்ஸ் கருவிகளுக்குப் பெயருக்கு நடுவில் இடைவெளி வந்தால் ஆகாது. மூன்று சொல்லையும் மூன்று தனிக் கோப்புகளாக எண்ணிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டிருந்தது. அண்ணனிடம் இதைச் சொன்னேன்.

"முருகன் இல்லைன்னு சொல்ற மிசினையா பாப்பா ஏங்கிட்ட கொண்டாந்து வச்சிருக்க?" என்றார். சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. சன்னல் வழியே மேலே ஸ்டோரின் புகைக்குழாய் தெரிந்தது. புகை மேலே போகிறதா என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டிருந்தேன். அது போய்க்கொண்டிருந்தால் அறைக்குள் இல்லை என்று அர்த்தம். அது தப்பான கணக்கு என்று பிறகு தெரிந்தது. பாதி மேலேயும் பாதி உள்ளேயும் போகலாம்.

எல்லாவற்றையும் இடைவெளி இல்லாத ஒரு பெயரில் வேறு கோப்புறைக்கு மாற்றி முடித்தபோது ஜீப்பு ஹாரன் அடித்தது.

இரண்டாம் நாள் என் கட்டளைக் கோப்புகள் எதுவும் ஓடவில்லை. ஒவ்வொரு வரியும் சரியாகவே இருந்தது. ஒவ்வொரு வரியையும் அது புரியவில்லை என்றது. மதியம்வரை கண்ணால் பார்த்துப் பார்த்து எதுவும் தட்டுப்படவில்லை. பிறகுதான் பிடிபட்டது: அந்தக் கணினியில் இருந்த பழைய நோட்பேடில் நான் அவற்றைத் திறந்து திருத்தியிருந்தேன். அது ஒவ்வொரு வரியின் முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்தைக் கூடுதலாக வைத்துவிட்டது. அதை நீக்க ஒரே ஒரு கட்டளை போதும். கண்டுபிடிக்க ஐந்து மணி நேரம்.

அன்று மதியம் சாப்பாட்டுக்கு ஸ்டோருக்குப் போனேன். ஆபீஸ் அண்ணனும் பதம் பார்க்க வந்திருந்தார். அப்பா ஒரு காயை எடுத்து உள்ளங்கையில் தேய்த்து மூக்குக்குக் கொண்டுபோனார். கண்ணை மூடி இழுத்தார். "இன்னும் பச்சை வாடை போகலை. ரெண்டு மணி நேரம் ஆகும்" என்றார். அண்ணன் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். அப்பா காயைத் தட்டில் திரும்பப் போட்டுவிட்டு என்னைப் பார்க்காமல் அடுத்த தட்டுக்குப் போனார். அவ்வளவு நன்றாக அவர் பொய் சொல்லி நான் பார்த்ததில்லை.

மூன்றாம் நாள் இரண்டு பிழைகள். கோப்புகளைத் தேடுகிற கருவிக்கு யூனிக்ஸில் ஒரு பெயர் உண்டு. விண்டோஸிலும் அதே பெயரில் ஒரு கருவி உண்டு. அது செய்கிற வேலை வேறு. நான் ஒருவரைக் கூப்பிட, அதே பெயருள்ள இன்னொருவர் வந்து நின்றுகொண்டிருந்தார். எந்தக் கோப்புறையில் முதலில் தேட வேண்டும் என்கிற வரிசையைத் திருப்பி எழுதினேன். சரியானது. நிரல் முதல்முறையாக முழுதாகத் தொகுக்கப்பட்டது. கோப்புப் பட்டியலில் அதன் பெயர் வந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மறைந்தது.

வைரஸ் தடுப்பு மென்பொருள், முன்பின் தெரியாத புதுக் கோப்பு என்று அதைத் தூக்கிச் சிறையில் போட்டிருக்கிறது. காரணம் தெரிந்த பிறகும் அந்தப் பட்டியலையே பார்த்துக்கொண்டிருந்தேன். இருந்த ஒன்று சத்தமில்லாமல் இல்லாமல் போவதைப் பார்த்துவிட்டேன், அவ்வளவுதான்.

நான்காம் நாள் மீண்டும் தொகுத்தபோது ஓர் எச்சரிக்கை வந்தது. பிழை இல்லை, எச்சரிக்கை மட்டும். கோப்புகளின் தேதி எதிர்காலத்தில் இருக்கிறது என்றது. திரையின் ஓரத்தில் பார்த்தேன். அந்தக் கணினியின் தேதி பதினோரு மாதம் பின்னால் இருந்தது. பழைய கணினி, உள்ளே இருக்கிற சின்ன பேட்டரி தீர்ந்திருக்கும் என்று முடிவு செய்தேன். தேதியைச் சரி செய்தேன். எச்சரிக்கை போய்விட்டது. யாரையும் கேட்கவில்லை. அண்ணன் அப்போது அன்றைய சீட்டுகளை அடித்து முடித்துவிட்டு வெளியே போயிருந்தார்.

இரண்டரை மணிக்கு எல்லாம் ஓடியது. சோதித்துப் பார்க்க, கொதிக்கக் கொதிக்க டீயைக் கிளாஸில் வாங்கி ஸ்டோரில் ஓர் உணரியை அதில் முக்கினேன். ஹாரன் மலை முழுக்கக் கேட்கும்படி அலறியது. கீழே காட்டிலிருந்து பெண்கள் கூடையோடு ஏறி வருவது தெரிந்தது.

"இந்தா பாரு, ஜீப்பு வெரசா வந்துருச்சுன்னு சோலியப் போட்டுட்டு வர்றாளுக. முதலாளி கேட்டா நீதான் பதில் சொல்லணும்" என்றார் அப்பா. பல நாளுக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தார். வந்த பெண்களும் எங்களை வைதுவிட்டுச் சிரித்தார்கள். இறங்கும்போது, இந்த நான்கு நாளில் முதல்முறையாக நான் புகைக்குழாயைத் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை வேலையில் உட்கார்ந்தபோதுதான் மடிக்கணினியின் சார்ஜரை மேலேயே விட்டுவிட்டு வந்தது தெரிந்தது. அரை நாள் லீவு சொல்லிவிட்டு, எஸ்டேட்டுக்கு அரிசி ஏற்றிப்போகிற ஜீப்பில் இடம் பிடித்தேன். குரங்கணி தாண்டியதும் மூடுபனி. முன்னால் ஒரு வளைவுக்கு மேல் தெரியவில்லை. டிரைவர் விளக்கைப் போட்டுக்கொண்டு மெல்ல ஏற்றினார். போய்ச் சேர பதினொன்று ஆகிவிட்டது.

ஆபீஸ் திறந்திருந்தது. ஆள் இல்லை. அண்ணன் காட்டுக்குள் காய் எடைபோடப் போயிருந்தார். மேசைக்கு அடியில் குனிந்து சார்ஜரை எடுத்து நிமிர்ந்தபோது கண் திரையின் ஓரத்துக்குப் போனது. தேதி மறுபடியும் பதினோரு மாதம் பின்னால் இருந்தது.

சரிசெய்த ஒன்று பழையபடி இருக்கிறது. முதலில் அந்த அளவுக்குத்தான் புரிந்தது. பிறகு என் நிரலின் சாளரத்தைப் பார்த்தேன். ஒரு நிமிடத்துக்கு ஒரு வரி. அறுபத்தெட்டு. எழுபத்தொன்று. எழுபத்துநான்கு. புகை அளவு நான் வைத்த எல்லையைப் போல மூன்று மடங்கு. ஒவ்வொரு வரியின் முடிவிலும் நானே எழுதிவைத்த வாசகம்: ஏற்கெனவே ஒலித்தது, காத்திருக்கிறது.

நேற்று டீ கிளாஸில் முக்கியபோது ஒலித்தது சரியான தேதியில். இன்று கணினி இருப்பது போன வருடத்தில். கடைசியாக ஒலித்து பத்து நிமிடம் ஆகிவிட்டதா என்று அது கணக்குப் பார்க்கிறது. ஆகவில்லை. இன்னும் பதினோரு மாதத்துக்கு ஆகாது. இதை நான் படியில் ஓடும்போது நினைத்தேனா, அதற்குப் பிறகா என்று நினைவில்லை. நூறு படி. ஸ்டோரைச் சுற்றி மூடுபனி. சுவர் எங்கே தொடங்குகிறது என்று கையால் தடவித்தான் கதவைப் பிடித்தேன்.

உள்ளேயும் வெள்ளையாக இருந்தது. அப்பா இரண்டாவது அடுக்குக்கு முன்னால் நின்று தட்டைத் திருப்பிக்கொண்டிருந்தார். கருகல் வாடை தொண்டையை அடைத்தது. கதவு திறந்த சத்தத்துக்கு அவர் நிதானமாகத் திரும்பினார்.

"கதவச் சாத்து ஆத்தா. மஞ்சு உள்ள வருது" என்றார்.

மலையில் வேலை செய்கிறவர்கள் மூடுபனியை மலையாளத்துக்காரர்கள் மாதிரி மஞ்சு என்றுதான் சொல்வார்கள். சொல்லிவிட்டு மறுபடியும் தட்டுப் பக்கம் திரும்பினார்.

"அப்பா, அது மஞ்சு இல்ல. புகை."

அவர் தன்னைச் சுற்றிப் பார்த்தார். கையை முகத்துக்கு முன்னால் பிடித்துப் பார்த்தார். அந்தப் பார்வையை விவரிக்க நான் பலமுறை முயன்று விட்டுவிட்டேன். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். மூன்றாவது படியில் அவருக்குக் கால் மடங்கியது. உட்கார்ந்தார், வாந்தி எடுத்தார், இருமினார். இருமல் நிற்காதா என்று பயந்தேன். நின்றபோது அதைவிடப் பயந்தேன். பிறகு தண்ணீர் கேட்டார்.

ஆபீஸ் அண்ணன் காட்டிலிருந்து ஓடி வந்தார். அடுப்பிலிருந்து எரிகிற கட்டைகளை வெளியே இழுத்துப் போட்டார். கதவு சன்னல் எல்லாவற்றையும் திறந்தார். இரண்டாவது குழாயின் இணைப்பில் கை நுழைகிற அளவுக்கு விரிசல். அதைப் பார்த்துவிட்டு வந்து அப்பா முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"அண்ணே, காத்துவாக்குல கீழ ஓடை வரைக்கும் கருகல் வாடை வருது. உள்ள நின்ன ஒனக்கு எப்பிடிண்ணே தெரியாமப் போச்சு?"

அப்பா தலை நிமிர்ந்தார். என்னைப் பார்த்தார். வாயைத் திறக்காதே என்று சொன்ன அதே பார்வை.

"அப்பாவுக்கு வாசனை தெரியாதுண்ணே. வைகாசியில இருந்தே" என்றேன்.

அப்பா தலையைக் குனிந்துகொண்டு வாயைத் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார். ஹாரன் ஏன் அடிக்கவில்லை என்று அண்ணனே கேட்டார். நான் தேதியைப் பற்றிக் கேட்டேன்.

சீட்டு அடிக்கிற மென்பொருளை ஓட்டுவதற்கான தவணை போன வருடமே முடிந்துவிட்டதாம். விற்றவர் கடையைக் காலி பண்ணிவிட்டு எங்கேயோ போய்விட்டாராம். தவணை முடிவதற்கு முந்தின வாரத்துத் தேதியை வைத்தால் அது ஓடுகிறது. அதனால் தினமும் காலையில் வந்ததும் சாமி படத்துக்குச் சூடம் காட்டிவிட்டு, தேதியைப் பின்னால் தள்ளிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவாராம். மூட்டையில் நிஜத் தேதியைக் கையால் எழுதிவிடுவாராம். முந்தின நாள் யாரோ மாற்றிவிட்டார்கள் என்று பார்த்து, வழக்கம்போலப் பின்னால் வைத்திருக்கிறார்.

"ஹாரனுக்கும் தேதிக்கும் சோலி உண்டுன்னு நீ ஒரு வார்த்தை சொல்லலையே பாப்பா" என்றார். குற்றம் சொல்கிற குரல் இல்லை.

நான் சொல்லவில்லை. ஹாரன் எதற்கு என்றே சொல்லவில்லை. படிப்புக்கு என்று சொல்லியிருந்தேன். அப்பாவின் உயிர் அதில் இருக்கிறது என்று முதல் நாளே சொல்லியிருந்தால், நான் எந்தக் கோப்பைத் தொட்டேன், எந்தத் தேதியை மாற்றினேன் என்று அவர் கேட்டிருப்பார். அப்பாவிடம் ஒரு ரகசியம், அண்ணனிடம் ஒரு ரகசியம், என்னிடம் ஒன்று. மூன்றும் சேர்ந்து அந்த ஹாரனை ஊமையாக்கின. எச்சரிக்கை மட்டும் ஒளிக்காமல் வந்தது. அதை நான்தான் போகச் செய்தேன்.

இன்னொன்றையும் எழுதிவிட வேண்டும். கணினியே நடுவில் இல்லாமல் மின்பலகையிலிருந்து நேராக ஹாரனை அடிக்கவைத்திருக்கலாம். அரை நாள் வேலை. எனக்குத் தெரிந்த கருவி, தெரிந்த வழி என்று நான்கு நாள் வேறொரு கணினியோடு சண்டை போட்டேன். சண்டையில் ஒவ்வொரு பிழையாக விழ விழ, பாதுகாப்பு வருகிறது என்று நம்பினேன்.

அன்று மதியமே அப்பாவை ஜீப்பில் போடிக்கு இறக்கி ஆஸ்பத்திரியில் காட்டினோம். ஒருநாள் வைத்திருந்து அனுப்பினார்கள். ஜீப்பில் இறங்கும்போது துண்டால் வாயைப் பொத்திக்கொண்டே வந்தார். பஸ் ஸ்டாண்டு தாண்டும்போது, "நீ சொன்னது சரிதான்" என்றார். பிறகு, "ஆனா சொல்லியிருக்க வேண்டாம்" என்றார்.

இன்றைய நிலை இது. ஹாரன் மின்பலகையோடு நேராக இணைந்திருக்கிறது. கணினி பதிவு மட்டும் செய்கிறது. என் நிரல் இப்போது தேதியைப் பார்ப்பதில்லை, கழிந்த நிமிடங்களை மட்டும் எண்ணுகிறது. விரிசல் விட்ட குழாயை மாற்றியாயிற்று. முதலாளிக்கு விஷயம் தெரியும். எடுப்பு முடியும்வரை அப்பா டிரையரில் இருக்கலாம், தனியாக நிற்கக் கூடாது, அடுத்த வருடம் அப்புறம் பார்ப்போம் என்று சொல்லியிருக்கிறார். அப்பா என்னிடம் முன்புபோலப் பேசுகிறார், மூக்கைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. அவருக்கு இன்னும் வாசனை வரவில்லை. ஆபீஸ் கணினியின் தேதி போன வருடத்திலேயே இருக்கிறது.